தண்ணீரை எடுக்கலாமா என்று கேட்டான்

இன்றைக்குக் காலையில் என் பழைய அலுவலகத்திலிருந்து நந்தினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்.

“மேடம், ஒரு சந்தேகம். ஸ்விம்மிங் பூல் சர்வீஸ் பண்ணுதவரு ஒருத்தர் பாலிசி கேட்டு வந்திருக்காரு. பழைய குளத்தப் புதுசாக்கியும் குடுப்பாராம். கம்ப்யூட்டர்ல எந்தத் தொழில்னு போடன்னே தெரியல. ரெண்டும் ஒரே பாலிசியில வருமா, வராதா? நீங்க முன்னாடி ஒண்ணு பாத்திருக்கீங்கன்னு சொன்னாங்க.”

பார்த்திருக்கிறேன். நன்றாகவே பார்த்திருக்கிறேன். அதனால்தான் உடனே பதில் சொல்லாமல், “நாளைக்குச் சொல்லுதேன் தாயி, அந்த ஆளையும் நாளைக்கு வரச் சொல்லு” என்றேன். அவளுக்கு ஆச்சரியம். கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுகிறவள் என்று அலுவலகத்தில் பேர் எடுத்தவள் நான். அந்தப் பேர் ஒரு தடவை என்ன செய்தது என்பதைப் போனில் சொல்ல முடியாது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினால் எனக்காவது தெளியும் என்று ஒரு நப்பாசை.

நான் வேலை பார்த்தது பொதுக் காப்பீட்டில். எங்கள் ஊரில் இன்றைக்கும் பாதிப் பேருக்கு இது என்னவென்று தெரியாது. “ஆளு செத்தா பணம் குடுப்பாவளே, அந்த ஆபீஸா?” என்று கேட்பார்கள். “அது வேற ஆபீஸ், நாங்க மாடு செத்தா குடுக்குறவங்க” என்பேன். பாதி உண்மைதான். திருநெல்வேலியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கார்பன் தாள் வைத்து நான்கு பிரதி அடித்து அடித்து விரல் தேய்ந்து, இரண்டு பரீட்சை எழுதி, ஒரு பிரமோஷன் வாங்கி, சங்கரன்கோவில் கிளைக்கு வந்து சேர்ந்தேன். பயிற்சிக் காலம் என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான். மீதியெல்லாம் ஜவுளிக்கடை மாடியில் இருந்த எங்கள் கிளையில் கற்றது. விசைத்தறி, பூக்கமிஷன் கடை, டிராக்டர், கறவை மாடு, வெள்ளாடு. எங்கள் உலகம் அதுதான்.

மாட்டுக்குப் பாலிசி போட்டால் அதன் காதில் எண் போட்ட பிளாஸ்டிக் தோடு ஒன்றைக் குத்துவோம். மாடு செத்துப்போனால் தோட்டோடு காதை அறுத்துக் கொண்டுவர வேண்டும். காது வராவிட்டால் க்ளெய்ம் கிடையாது. நான் வந்த புதிதில் சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, துணிப்பைக்குள் கையை விட்டு, எருமைக் காது ஒன்றை எடுத்து என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை. பழகிய பிறகு அந்தக் காதுகள் எனக்குப் பிடித்துப்போயின. இந்த மாடு, இந்தக் காது, இந்த எண். குழப்பத்துக்கு இடமே கிடையாது. நீச்சல் குளத்துக்கு எந்தக் காதில் தோடு குத்துவது என்பதுதான் பின்னால் எனக்கு வந்த சிக்கல்.

எங்கள் கிளை மேலாளர் கோமதிநாயகம் சார். எந்தக் காகிதம் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். “மொதப் பக்கத்துல எல்லாரும் நல்லவங்களாத்தான் இருப்பாங்க. கை வலிச்ச பொறவுதான் நெசத்த எழுதுவாங்க” என்பது அவர் சித்தாந்தம். கேள்வி கேட்டால் பதில் வராது. “நீங்க என்ன நெனைக்கீங்க?” என்பார். நாம் ஒன்று சொன்னால், தலையாட்டிவிட்டு, பழைய கவரின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே மறுபடியும் “நீங்க என்ன நெனைக்கீங்க?” என்பார். மூன்று தடவை கேட்பார். மூன்றாவது தடவை, முதலில் சொன்னதற்கு நேர்மாறாக நாமே பேசிக்கொண்டிருப்போம். எனக்கு அப்படி எரிச்சல் வரும். இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். எந்தத் தொழிலுக்குப் பாலிசி எழுதினாலும் அந்த இடத்துக்கு ஒருமுறை போய் வர வேண்டும். “பாக்காம எழுதாதீங்க” என்று அவர் சொல்லாத நாள் கிடையாது.

மாடசாமி எங்கள் மாடிப்படி ஏறி வந்தது அந்தக் காலத்தில்தான். கரிவலம்வந்தநல்லூர்க்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலில் நீச்சல் குளம் பராமரிக்கிற வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அதே வேலையைத் தொழிலாக ஆரம்பித்திருந்தான். மலையடிவாரத்தில் அப்போதுதான் ஓட்டல்களும் பண்ணை வீடுகளும் நீச்சல் குளம் கட்ட ஆரம்பித்திருந்தன. ஓர் ஓட்டலில் பாலிசி இருந்தால்தான் காண்ட்ராக்ட் என்று சொல்லிவிட்டார்களாம்.

எங்கள் தொழில் பட்டியலில் நீச்சல் குளமே இல்லை. கிணறு தோண்டுவது இருந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவுவது இருந்தது. கட்டடப் பழுது பார்ப்பது இருந்தது. பட்டியலை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். அவர் என்ன கேட்டிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் மாடசாமியோடு சிவகிரிக்கு அந்தப் பக்கம் உள்ள ஓட்டலுக்குப் போய் ஒரு காலைப் பொழுது முழுக்க அவன் வேலையைப் பார்த்தேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, அது காட்டுகிற நிறத்தை ஓர் அட்டையோடு ஒத்துப் பார்த்தான். சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்தான். மணல் ஃபில்டரில் தண்ணீரைத் திருப்பி விட்டு அழுக்கை வெளியேற்றினான். “குளோரின் பொடி மேல தண்ணிய ஊத்தவே கூடாதுக்கா. தண்ணியிலதான் பொடியப் போடணும். மாத்திச் செஞ்சா மூஞ்சி வெந்துரும்” என்றான். வேலையில் அவனுக்கு இருந்த பயம் எனக்குப் பிடித்தது. பயப்படுகிறவனுக்குத்தான் தைரியமாகப் பாலிசி எழுதலாம்.

“டைல்ஸும் மாத்துவியா?” என்று கேட்டேன்.

“பேந்துச்சுன்னா ஒண்ணு ரெண்டு ஒட்டிக் குடுப்பேங்க்கா.”

‘நீச்சல் குளப் பராமரிப்பும் சிறு பழுதும்’ என்று எழுதினேன். அவன் வேலை செய்யும்போது அடுத்தவர் உடம்புக்கோ சொத்துக்கோ சேதம் வந்தால் நிறுவனம் கொடுக்கும். அவனிடம் வேலை பார்ப்பவர்களுக்குத் தனிப் பாலிசி. பட்டியலில் இல்லாத ஒன்றை நானே சொந்தமாக எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அந்த வரியைக் கோமதிநாயகம் சார் இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு மாடசாமிக்கு எதற்கெடுத்தாலும் நான்தான். “யக்கா, ஒரு சந்தேகம்” என்று போன் வரும். குளிக்க வந்தவுக வழுக்கி விழுந்தா நம்ம பொறுப்பா? மோட்டாரப் பழுது பாக்க எடுத்துட்டு வரும்போது வண்டியிலிருந்து விழுந்துட்டா? பாசி புடிச்ச கொளத்துல குளிக்காதீயன்னு சொல்லியும் குளிச்சா? ஒவ்வொன்றுக்கும் பட்டென்று பதில் சொல்வேன். அவன் கேட்பதும் நான் சொல்வதும் எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், வீட்டில் யாரும் என்னிடம் அப்படி யோசனை கேட்டதில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. வாசுதேவநல்லூருக்கு வெளியே, பாசனக் குளத்துக்குக் கீழே, வெள்ளைச்சாமி அண்ணாச்சிக்கு வயலும் பண்ணை வீடும் உண்டு. மகன் சொன்னான் என்று அங்கே ஒரு நீச்சல் குளம் கட்டி, லீவுக்கு வருகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். டைல்ஸ் பேர்ந்து குளிப்பவர்கள் காலைக் கிழிக்க ஆரம்பித்ததும், மாடசாமியைக் கூப்பிட்டு மொத்தத்தையும் பெயர்த்துப் புதிதாக ஒட்டச் சொன்னார். தை பிறந்தால் ஆட்கள் வருவார்கள், அதற்குள் முடிய வேண்டும் என்றார். அப்படியானால் வேலை ஐப்பசி, கார்த்திகையில் நடக்க வேண்டும். எங்கள் பக்கம் மழை என்று ஒன்று பெய்தால் அந்த இரண்டு மாதத்தில்தான் பெய்யும்.

நீச்சல் குளத்தின் அடியில், ஆழமான பக்கத்தில், ஒரு சின்ன வால்வு இருக்குமாம். வெளியே நிலத்தடி நீர் ஏறி அழுத்தினால் அது தானாகத் திறந்து தண்ணீரை உள்ளே விட்டுவிடும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அண்ணாச்சியின் கண்ணுக்கு அது ஓட்டை. தண்ணீர் கொஞ்சம் குறைவது போலத் தெரிந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமெண்டால் அடைத்துவிட்டார். மழையைப் பார்த்து வானத்தை அண்ணாந்துகொண்டே இருக்கிற ஊரில், தண்ணீர் நிற்கிற இடத்தின் அடியில் ஓட்டையை யார் விட்டுவைப்பார்கள்? நானாக இருந்தாலும் அடைத்திருப்பேன்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு மாடசாமியின் போன். என் மேஜையைச் சுற்றி விசைத்தறிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பாலிசி புதுப்பிக்க நின்றுகொண்டிருந்தார்கள்.

“யக்கா, ஒரு சந்தேகம். அண்ணாச்சி நீச்சல் கொளத்துல அடி வால்வ அடச்சி வச்சிருக்காவ. முங்கித் தடவிப் பாத்தேன், சிமெண்டு கல்லு மாதிரி கெடக்கு. ஒடைக்கட்டான்னு கேட்டா, வேண்டாங்காவ. வெளிநாட்டுல எங்க சூப்பர்வைசரு, வால்வத் தெறக்காம தண்ணிய எடுக்கவே கூடாதும்பாரு. ஏன்னு கேட்டா அவருக்கே சொல்லத் தெரியாது. அங்கன மணலு, கீழ தண்ணியே கெடையாதுல்லா. இப்ப தண்ணிய எடுக்கலாமா? பாலிசியில ஏதும் வில்லங்கம் வருமா?”

நான் சிவகிரியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். சித்திரை மாதம் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒட்ட இறைத்துத் தூர் வாருவார்கள். காலியான கிணறுதான் சுத்தமான கிணறு, பத்திரமான கிணறு. அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்?

“தண்ணிய எடுக்காம டைல்ஸ எப்படி மாத்துவ? கெணத்துத் தண்ணிய எறச்சா கெணறு என்ன பறந்தா போவுது? எடு மாடசாமி” என்றேன்.

விசைத்தறிக்காரர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். “சரிக்கா” என்று வைத்துவிட்டான். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் இருக்கும். எத்தனை டைல்ஸ் மாற்றுகிறாய் என்று நான் கேட்கவில்லை. மொத்தக் குளத்தையும் புதுப்பிப்பது நான் எழுதிய ‘சிறு பழுது’ ஆகுமா என்று யோசிக்கவில்லை. போய்ப் பார்க்கவுமில்லை. எழுதுவதற்குத்தானே பார்க்க வேண்டும், சொல்வதற்கு எதற்கு என்று நினைத்திருப்பேன் போல.

அந்த வாரக் கடைசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. பாசனக் குளம் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. திங்கட்கிழமை காலையில் நான் அலுவலகத்துக்குள் நுழையும்போதே போன் அடித்தது.

“யக்கா, மேல வந்துட்டு.”

“எது?”

“நீச்சல் கொளம்.”

“தண்ணி மேல வந்துட்டா?”

“தண்ணி இல்லக்கா. கொளமே மேல வந்துட்டு.”

எனக்குப் புரியவில்லை. மறுநாள் திருநெல்வேலியிலிருந்து வந்த சர்வேயரோடு அங்கே போய் நின்றபோது கண்ணால் பார்த்தும் புரியவில்லை. சர்வேயர் என்றால், சேதத்தை மதிப்பிடுவதற்காக நாங்கள் அனுப்புகிற வெளியாள். படுத்திருக்கிற மாடு எழுந்திருக்கும்போது முதலில் பின்பக்கத்தைத் தூக்குமே, அப்படி அந்த நீச்சல் குளம் ஆழமான பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு முழ உயரம் இருக்கும். சுற்றிப் போட்டிருந்த கருங்கல் தளம் பிளந்து கிடந்தது. குழாய்கள் முறிந்திருந்தன. மோட்டார் ரூம் சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. பக்கத்து வயல் கிணற்றை எட்டிப் பார்த்தேன். குனிந்து கையால் அள்ளுகிற உயரத்தில் தண்ணீர் நின்றது.

சர்வேயர் வீட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீரும் ஓர் எவர்சில்வர் கிண்ணமும் கேட்டு வாங்கினார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வாளிக்குள் விட்டார், முங்கியது. காலிக் கிண்ணத்தை விட்டார், மிதந்தது. “அவ்வளவுதான் மேடம். கெணத்துல தண்ணி ஊறி உள்ள வந்துரும், அதனால ஒண்ணும் ஆவாது. இது அடைச்ச பெட்டி. உள்ள வர வழியில்லன்னா வெளிய இருந்து தூக்கும். வால்வு தெறந்திருந்தா இது நடந்திருக்காது. இல்ல, பக்கத்துல குழி தோண்டி ஊத்துத் தண்ணிய எறச்சிருக்கணும். இல்ல, மழை முடிஞ்ச பொறவு தண்ணிய எடுத்திருக்கணும்” என்றார். கிணறு பறந்தா போகும் என்று சொன்னவள் நான். பறந்துபோய்த்தான் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், கூடவே அழுகையும் வரும். எங்கள் பாலிசியில் ஒரு விதி. எந்தப் பொருள்மேல் வேலை நடக்கிறதோ அந்தப் பொருளின் சேதத்துக்குப் பணம் கிடையாது. அதைச் சுற்றி இருக்கிற மற்ற சொத்துக்குச் சேதம் வந்தால்தான் உண்டு. அப்படியானால் நீச்சல் குளம் எந்த இடத்தில் முடிகிறது? சர்வேயர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் குளத்தைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தார். ஓரத்துக் கல் குளத்தோடதா, தளத்தோடதா? சுவருக்குள் பாதியும் வெளியே பாதியுமாக இருக்கிற குழாய் எதில் சேரும்? படிக்கட்டு? என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அழித்து அழித்துப் போட்டார்.

வெள்ளைச்சாமி அண்ணாச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “எல்லாம் என் எடந்தானவே. எதுக்கு நடுவுல கோடு போடுதீரு?” என்றார்.

சர்வேயர் மாடசாமியிடம் திரும்பினார். “உங்க தப்புன்னு இவர்ட்ட ஒத்துக்கிட்டீங்களா? பாலிசிப்படி எங்கள கேக்காம ஒத்துக்கக் கூடாது.”

“ஒத்துக்கல சார். மன்னிச்சிருங்க அண்ணாச்சின்னு கால்லதான் விழுந்தேன்.”

சர்வேயர் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு முக்கியமான கேள்விக்கு வந்தார். அடி வால்வு அடைத்திருந்தது தண்ணீரை எடுக்கும் முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரிந்தே எடுத்திருந்தால், எச்சரிக்கையாக நடக்கவில்லை என்று கோட்டுக்கு வெளியே இருக்கிற சேதத்துக்கும் கை விரித்துவிடலாம். தெரியாது என்றால் சுவருக்கும் தளத்துக்கும் குழாய்க்கும் கிடைக்கும். சேதத்தில் பெரும்பகுதி அதுதான். அது கிடைக்காவிட்டால் மொத்தத்தையும் மாடசாமிதான் சரிசெய்து கொடுக்க வேண்டும். அவன் தொழிலே அதோடு போய்விடும்.

மாடசாமி என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். “தெரியாது சார்” என்றான்.

அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. அடைத்தது அவர், உடைக்க வேண்டாம் என்றவரும் அவர். பணம் வந்தால் அவருக்கும் நல்லதுதானே. நானும் வாயைத் திறக்கவில்லை. தெரிந்த மூன்று பேரும் சும்மா நிற்க, தெரியாத ஒருவர் அக்கறையாக எழுதிக்கொண்டிருந்தார். சங்கரன்கோவில் வரைக்கும் அவர் காரிலேயே வந்தேன். வழியில் அவர் என்ன பேசினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் கோமதிநாயகம் சார் அந்த ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். மாடசாமியின் வாக்குமூலத்தில் நின்றார். “வெளிநாட்டுல வேல பாத்தவனுக்கு வால்வு பத்தித் தெரியாதா? நீங்க என்ன நெனைக்கீங்க?”

“தெரியாமலும் இருக்கலாம் சார்.”

கவரைக் கிழித்தார். “நீங்க என்ன நெனைக்கீங்க?”

மூன்றாவது தடவைக்கு அவருக்கு வேலை வைக்கவில்லை. போன் வந்ததையும் நான் சொன்னதையும் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“இத எழுதுனா அவனுக்கு நல்லதா, கெட்டதா?”

அதுதான் சனியன் பிடித்த கேள்வி. முந்தின நாளெல்லாம் அதையே யோசித்துத் தலை வெடித்தது. அவன் எங்கள் அலுவலகத்தையே கேட்டான், அலுவலகமே எடு என்றது, அப்படியானால் பொறுப்பு எங்களுடையது என்று மேல் அலுவலகத்தில் நினைக்கலாம். அவனுக்கு முழுசாகக் கிடைக்கலாம், எனக்கு மெமோ வரலாம். இல்லை, பார்த்தாயா, தெரிந்தே எடுத்திருக்கிறான் என்றும் நினைக்கலாம். “தெரியல சார்” என்றேன்.

“எனக்கும் தெரியல. யாருக்கு லாபம்னு தெரிஞ்சா எழுதுற கை அந்தப் பக்கம் சாஞ்சிரும். தெரியலல்லா, அப்ப எழுதுங்க.”

அவர் எனக்கு நேரடியாகச் சொன்ன ஒரே பதில் அது. சரியான பதில்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு பக்கத்துக்கு எழுதினேன். அவன் கேட்டது, நான் சொன்னது, கிணறு பறக்குமா என்றது உட்பட. மாடசாமியிடம் நான் எழுதப் போவதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எழுதாதீங்கக்கா என்பானோ என்ற பயம். எழுதுங்கக்கா என்று சொல்லியிருந்தாலும் எனக்கு நிம்மதி வந்திருக்குமா என்று தெரியவில்லை.

மேல் அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் ஒரே தபாலில் வந்தன. ஒன்று மாடசாமிக்கு. வால்வு அடைக்கப்பட்டிருப்பதை அறிந்தும் தண்ணீரை வெளியேற்றியதாலும், நடந்தது சிறு பழுது அல்ல, புதுப்பிக்கும் வேலை என்பதாலும், அதற்குத் தனிப் பாலிசி எடுத்திருக்க வேண்டும் என்பதாலும் க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது. போனில் ஊழியர் சொன்னது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. இன்னொன்று எனக்கு. உள்ளதை மறைக்காமல் தெரிவித்ததற்குப் பாராட்டு. தொழில்நுட்ப யோசனை சொல்வதை இனித் தவிர்க்கவும்.

மாடசாமி வந்தான். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் “என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்கக்கா” என்று என்னிடமே நீட்டினான். நான்தான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அப்படி ஒரு வேலை எந்த மனுஷிக்கும் வரக் கூடாது.

“நான் போன் பண்ணுனது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாந்தான் எழுதுனேன் மாடசாமி.”

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குழம்பிப்போய் நின்றான். “ஒங்க பேரு வெளிய வரக் கூடாதுன்னுல்லாக்கா நான் தெரியாதுன்னு சொன்னேன்” என்றான்.

கம்பெனி மேல் வருகிற புகாரை விசாரிக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு போடலாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். அன்றே எழுதியும் வைத்தேன். அவன் கையெழுத்துப் போட வரவில்லை. இரண்டு தடவை ஆள் சொல்லி அனுப்பினேன். “போதும்னு சொல்லிருங்க” என்று பதில் வந்தது. மார்கழியிலிருந்து பங்குனி வரைக்கும் தினமும் கரிவலத்திலிருந்து வாசுதேவநல்லூருக்கு பைக்கில் போய், அண்ணாச்சியின் குளத்தை உடைத்து அள்ளி, புதிதாகக் கட்டிக் கொடுத்தான். கூலி இல்லாத வேலை. அந்த நான்கு மாதத்தில் மலையடிவார ஓட்டல்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. புதிதாகக் கட்டிய குளத்தின் அடியில் வால்வை வைக்க அண்ணாச்சி இந்தத் தடவை மறுப்பு சொல்லவில்லையாம். ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார்.

நந்தினிக்கு நான் சொல்லப் போவது இதுதான். பராமரிப்பையும் புதுப்பிப்பதையும் தனித்தனியாக எழுது. எந்த மாதத்தில் தண்ணீரை எடுப்பான், அடி வால்வை யார் பார்த்தார்கள், பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று கேட்டுக் காகிதத்தில் வாங்கு. போய்ப் பார். இவ்வளவும் உறுதியாகச் சொல்வேன். ஆனால், அந்த ஒரு பக்கத்தை நான் எழுதியது சரியா என்று அவள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எழுதாமல் இருந்திருந்தால் அவனுக்கு ஒருவேளை கிடைத்திருக்கும். நான் பொய்க்குக் காவல் இருந்திருப்பேன். எழுதினேன், பொய் போனது. கூடவே அவனும் போனான். பாராட்டுக் கடிதம் எனக்கு வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் எனக்கு இது சரியாக வரவில்லை.

மறு வருடம் பாலிசி புதுப்பிக்கிற நாளில் மாடசாமி வந்துவிட்டான். நான் எதிர்பார்க்கவே இல்லை. இரண்டு பள்ளிக்கூடமும் ஒரு பண்ணை வீடும் கிடைத்திருப்பதாகச் சொன்னான். என் எதிரில் உட்கார்ந்தான், இளைத்திருந்தான். படிவத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தேன். ‘இதற்கு முன் க்ளெய்ம் ஏதும் நிராகரிக்கப்பட்டதா’ என்ற கட்டத்தில் என் பேனா நின்றுவிட்டது.

“எழுதுங்கக்கா. நடந்ததுதானே” என்றான்.

எழுதினேன். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுவிட்டேன். “மாடசாமி, அன்னைக்கு நெசமாவே எனக்காகத்தான் தெரியாதுன்னு சொன்னியா?”

அவன் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். “அப்ப அப்படித்தான் நெனச்சேன். இப்ப நெனச்சுப் பாத்தா, எனக்காகவும் இருக்கும்போல. தெரியலக்கா” என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கோபம் இருந்ததா என்று உற்றுப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒவ்வொரு வருடமும் அதே நாளில் தவறாமல் வந்தான். படிவத்தில் இருந்த கேள்விகளுக்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னான். அவனாக என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.